அடுத்த படுக்கையில் இருப்பவர்

தீவிர சிகிச்சைப் பிரிவு இன்று எல்லாரும் அறிந்த இடமாகிவிட்டது. உற்றார் ஒருவரை உள்ளே விட்டுவிட்டு, மூடிய கதவுக்கு வெளியே நாற்காலியில் இரவைக் கழித்த அனுபவம் பல குடும்பங்களுக்கு உண்டு. ஆனால் அந்த அறைக்கு வயது அதிகமில்லை. அது பிறந்த ஊரையும் ஆண்டையும் ஏறக்குறையச் சரியாகவே சொல்லிவிடலாம்.

1952ஆம் ஆண்டுக் கோடையில் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோயாய்ப் பரவியது. நோயாளிகள் பிளெக்டாம் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். மூச்சுத் தசைகள் முடங்கியவர்களைக் காப்பாற்ற அங்கே ‘இரும்பு நுரையீரல்’ எனப்பட்ட பெட்டி ஒன்றும், மார்பைச் சுற்றிப் பொருத்தும் கருவிகள் ஆறும் மட்டுமே இருந்தன. முதல் சில வாரங்களில் மூச்சு முடங்கிய 31 பேருள் 27 பேர் மூன்று நாள்களுக்குள் இறந்தனர். ஆகஸ்டு இறுதியில், அறுவைக் கூடத்தில் மயக்க மருந்து கொடுப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த பியோர்ன் இப்சென் என்ற மருத்துவர் அழைக்கப்பட்டார். அவர் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் ஒன்றைச் செருகி, ரப்பர்ப் பை ஒன்றைக் கையால் அமுக்கி அவளது நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தினார். சிறுமி பிழைத்தாள். எந்திரங்கள் போதாமையால், மருத்துவ மாணவர்கள் ஏறத்தாழ 1500 பேர் முறை வைத்து, இரவு பகலாய், வாரக்கணக்கில் நோயாளிகளின் தலைமாட்டில் அமர்ந்து அந்தப் பைகளை அமுக்கிக் கொண்டிருந்தனர். அத்தனை பேருடைய மூச்சும் மாணவர்களின் கைகளில் இருந்தது. இறப்பு பாதிக்கும் கீழாய்க் குறைந்தது. 1953 டிசம்பரில் இப்சென் அதே நகரின் வேறொரு மருத்துவமனையில், இத்தகைய நோயாளிகளை ஒரே இடத்தில் வைத்து இடைவிடாது கவனிக்கத் தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கெல்லாம் அதுவே முன்னோடி என்பர்.

அந்தக் குழாயை நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். மூக்கின் மயிர், தொண்டையின் சளி, இருமல் என்று நுரையீரலுக்குப் பல காவல்கள் உண்டு. குழாய் அத்தனை காவலையும் கடந்து உள்ளே போகிறது. மூச்சுக்கு வழிவிட்ட குழாய் நுண்ணுயிருக்கும் வழிவிடுகிறது. பின்னாளில் கழுத்து நரம்பின் வழியாக இதயத்தருகே செல்லும் குழாய், சிறுநீர்க் குழாய், மூக்கு வழி உணவுக் குழாய் எனப் பலவும் சேர்ந்தன. நுண்ணுயிர்கள் குழாய்களின் சுவரில் ஒட்டி, வழுவழுப்பான மெல்லிய படலம் ஒன்றைத் தம்மீது போர்த்திக்கொண்டு வாழ வல்லவை. அப்படலத்தினுள் மருந்தும் எளிதில் எட்டுவதில்லை. மேலும், அருகருகே கிடக்கும் நோயாளிகள், ஒரு படுக்கையிலிருந்து மறு படுக்கைக்கு நொடிக்கு நொடி ஓடும் செவிலியர்களின் கைகள், ஏறக்குறைய எல்லாருக்குமே ஏதேனும் ஓர் ஆன்டிபயாட்டிக் மருந்து. இவை மூன்றும் ஒரே கூரையின்கீழ் இத்தனை நெருக்கமாய்ச் சேரும் இடம் உலகில் வேறில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகள் அங்கே தழைப்பது வியப்பன்று. உயிர் காக்க உண்டான ஏற்பாடே அவற்றுக்கும் இடமளித்தது என்பதுதான் இதன் துயரம்.

கிருமிகளின் இந்த எதிர்ப்பாற்றலை மனிதன் புதிதாய் உண்டாக்கிவிடவில்லை. கனடாவின் யூக்கான் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணிலிருந்தே எதிர்ப்பாற்றலுக்குரிய மரபணுக்களை ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டி 2011இல் வெளியிட்டனர். பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் தமக்குள் நடத்திவந்த பழம்போர் அது. பெனிசிலினைச் சிதைக்கும் நொதியம் ஒன்று நுண்ணுயிரில் இருப்பதை ஆக்ஸ்ஃபோர்டில் ஆபிரகாமும் செயினும் 1940 டிசம்பரிலேயே அறிவித்தனர். அம்மருந்து இன்னும் மருத்துவமனைகளுக்கு வந்திராத காலம் அது. மருந்து வருமுன்பே அதற்கு மாற்று தயாராயிருந்தது எனலாம். மனிதன் செய்ததெல்லாம், கோடிக்கணக்கான கிருமிகளுள் ஒளிந்திருந்த சிலவற்றுக்கு, மற்றவற்றைக் கொன்று, இடம் ஒழித்துக் கொடுத்ததே.

இதை மருத்துவமனைக்குள்ளேயே கண்டு கணக்கிட்டுக் காட்டியவர் மேரி பார்பர் என்ற ஆங்கிலப் பெண்மணி. லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வாளர். புண்களையும் இரத்தத்தையும் தாக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்னும் கிருமியை நோயாளிகளிடமிருந்து எடுத்து, அது பெனிசிலினுக்கு அடங்குகிறதா எனச் சோதித்து வந்தார். 1946இல் அடங்காதவை நூற்றுக்கு 14. மறு ஆண்டு 38. அதற்கு மறு ஆண்டு 59. மூன்றே ஆண்டுகளில் அற்புத மருந்து ஒரு மருத்துவமனையில் பாதிக்கு மேல் பயனற்றுப் போயிற்று. மருந்து உண்ட ஒவ்வொரு நோயாளியின் உடலிலும் கிருமி தனித்தனியே முரடாகிவிட்டது என்று பலர் எண்ணியிருக்கக் கூடும். பார்பர் அவ்வாறு கருதவில்லை. முன்பே எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த ஓரினம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவிக்கொண்டிருந்தது. பெனிசிலின் அதன் போட்டியாளர்களை மட்டும் அகற்றிக் கொடுத்தது. இந்த வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம், பொருளோ பெரிது. ஒருவருக்குக் கொடுக்கும் மருந்து அவருக்கு மட்டும் கொடுக்கும் மருந்தாய் இருப்பதில்லை. அடுத்த படுக்கையில் இருப்பவருக்கும் அதில் பங்குண்டு. அந்தப் படுக்கையில் நாளை வந்து படுப்பவருக்கும் உண்டு.

பார்பர் கணக்கெடுத்ததோடு நிற்கவில்லை. 1950களின் பிற்பகுதியில் அதே மருத்துவமனையில் பெனிசிலினைக் கண்டபடி கொடுக்காமல் கட்டுப்படுத்தவும், கிருமி ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தாவாமல் தடுக்கவும் விதி வகுக்கச் செய்தார். எதிர்ப்பாற்றல் கொண்ட இனங்கள் குறையத் தொடங்கின. 1960இல் அவரும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை இதைச் சொல்லிற்று. போன ஆற்றல் திரும்பக் கூடும் என்பதற்குக் கிடைத்த முதற் சான்றுகளுள் அது ஒன்று. 1965இல் சாலை விபத்தொன்றில் அவர் மறைந்தார். பெனிசிலினைக் கண்டவரின் பெயர் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதைக் காக்க முயன்றவரின் பெயரை மருத்துவ மாணவர்களுள்ளும் அறிந்தோர் சிலரே.

அந்தக் கட்டுரையை உலகம் ஏன் பெரிதாய்க் கொள்ளவில்லை? காரணம் எளிது. அக்காலத்தில் புதிய மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்துகொண்டிருந்தன. கைநிறைய வருவாய் வரும் வீட்டில் சிக்கனம் பேசுவோரை யார் கேட்பார்? பெனிசிலினுக்கு அடங்காத கிருமிக்கென்றே 1959இல் மெதிசிலின் உருவானது. அதற்கும் அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸை இங்கிலாந்தில் பாட்ரிசியா ஜெவன்ஸ் கண்டு 1961இல் அறிவித்தார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கிருமி மாதிரிகளைச் சோதித்ததில் அவருக்குக் கிடைத்தவை மூன்று. மூன்றுதானே என்று எண்ணியவர்களை நாம் குறை கூறுவதற்கில்லை.

இந்த வரலாற்றில் என் மனத்தை மிகவும் கவர்ந்த நிகழ்ச்சி ஸ்காட்லாந்தில் நடந்தது. 1960களின் இறுதியில் கிளாஸ்கோவின் நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவொன்றின் தீவிர சிகிச்சை அறையில் கிளெப்சியெல்லா என்னும் கிருமி புகுந்தது. நம் குடலில் சாதுவாய் வாழக்கூடிய கிருமிதான். ஆனால் தலையில் அடிபட்டு, நினைவிழந்து, குழாய் வழி மூச்சுவிடும் ஒருவரின் நுரையீரலையோ மூளையுறையையோ அது அடைந்துவிட்டால் கொடியது. அப்பிரிவில் இருந்த மருந்துகள் பலவற்றுக்கும் அது அடங்கவில்லை. தொற்று தடுக்கும் வழக்கமான முறைகளைக் கையாண்டனர், பயனில்லை. பிரைஸ், ஸ்லீ என்னும் இரு மருத்துவர்கள் அப்போது எடுத்த முடிவை நினைத்தால் இன்றும் வியப்பு மேலிடுகிறது. நோய் வராமல் இருக்கக் கொடுப்பவை, வந்தபின் தீர்க்கக் கொடுப்பவை என்ற வேறுபாடின்றி, அப்பிரிவில் ஆன்டிபயாட்டிக் மருந்துகள் அனைத்தையும் நிறுத்திவிட்டனர்.

அந்த அறையில் இருந்தவர்கள் சளிக்கும் காய்ச்சலுக்கும் வந்தவர்கள் அல்லர். மண்டை திறக்கப்பட்டவர்கள். இத்தகையோருக்கு மருந்து கொடாமல் இருப்பது கைகழுவிவிடுவது போலத் தோன்றும். வெளியே காத்திருக்கும் தாய் தந்தையரிடம் இதை எவ்வாறு விளக்குவது? செவிலியர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? இவற்றையெல்லாம் மருத்துவ இதழ்க் கட்டுரைகள் எழுதுவதில்லை. 1970இல் அவர்கள் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட கட்டுரை விளைவை மட்டும் சொல்கிறது. கிளெப்சியெல்லா மறைந்தது. வேறு கிருமிகளும் அதன் இடத்தில் பெருகவில்லை. மருந்தின் நிழலில்தான் அது வாழ்ந்திருக்கிறது. நிழல் நீங்கியதும், மருந்துக்கு அஞ்சும் சாதாரணக் கிருமிகள் திரும்பி வந்து தம் இடத்தை மீட்டுக்கொண்டன.

எல்லா இடத்திலும் இப்படிச் செய்யலாம் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது தவறு. இரத்தத்தில் கிருமி பரவி இரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு மருந்தைத் தாமதித்தால் உயிர் போய்விடும். அதையறிந்தே மருத்துவர் அஞ்சுகிறார். நள்ளிரவில் கிருமி எதுவென்று சோதனை முடிவு வர இரண்டு நாளாகும் நிலையில், கண்முன் கிடப்பவரைக் காப்பாற்ற, கிடைக்கும் மருந்துகளுள் மிக வலியதைக் கொடுத்துவிடுகிறார். கொடுத்த கையைக் கண்டிக்க எவருக்கும் மனம் வராது. கண்முன் கிடப்பவருக்கு முகம் உண்டு, பெயர் உண்டு, வெளியே அழும் உறவு உண்டு. அடுத்த மாதம் அதே படுக்கைக்கு வரப்போகிறவருக்கு இவற்றுள் எதுவும் இல்லை. கிளாஸ்கோவின் பாடம் மறக்கப்பட்டதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அந்த அடுத்தவரை அறிவியல் அண்மைக் காலத்தில் பெயர் சுட்டாமலே அடையாளம் காட்டத் தொடங்கியிருக்கிறது. 2011 ஜூனில் அமெரிக்காவின் பெதெஸ்டாவில் உள்ள தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் மருத்துவமனைக்கு நியூயார்க்கிலிருந்து ஒரு நோயாளி மாற்றப்பட்டார். அவரிடம் இறுதிநிலை மருந்துகளான கார்பபெனெம் வகைக்கும் அடங்காத கிளெப்சியெல்லா இருந்தது முன்பே தெரியும். தனியறையில் வைத்தனர், அணுகுவோர் அனைவருக்கும் கையுறையும் மேலங்கியும் கட்டாயம். ஜூலையில் அவர் நலமாய் வீடு திரும்பினார். ஆகஸ்டில் வேறொருவரிடம் அதே கிருமி தென்பட்டது. பிறகு வாரம் ஒருவராய் எண்ணிக்கை ஏறியது. கிருமிகளின் மரபணு எழுத்துகளை முழுவதும் படித்துப் பார்த்தபோது, எல்லாம் அந்த முதல் நோயாளியிடமிருந்தே கிளைத்தவை என்பது தெரிந்தது. நோய்க்குறி ஏதுமின்றிச் சிலர் வாரக்கணக்கில் அதைச் சுமந்து பிறருக்குக் கடத்தியிருந்தனர். புதுச் சுவர் எழுப்பித் தொற்றுற்றோரைப் பிரித்தார்கள். கழிநீர்க் குழாய்களைப் பெயர்த்தெடுத்தார்கள். எல்லாரும் கை கழுவுகிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருப்பதற்காக ஆள்களை அமர்த்தினார்கள். உலகிலேயே மிகுந்த வசதி பெற்ற மருத்துவமனைகளுள் ஒன்றில் கை கழுவக் காவல்! 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் கெஞ்சிக் கேட்டதும் அதைத்தான். மொத்தம் 18 பேரை அக்கிருமி அடைந்தது. அவர்களுள் 11 பேர் இறந்தனர். ஆறு மரணங்களுக்கு அதுவே காரணம் என்று கணித்தனர்.

நம் மாநிலத்தின் பெயரும் இவ்வரலாற்றில் இடம்பெற்றிருக்கிறது. புதுடில்லி மருத்துவமனையில் இருந்துவிட்டு ஸ்வீடன் திரும்பிய இந்திய வம்சாவளியினர் ஒருவரிடம் 2008இல் ஒரு கிளெப்சியெல்லா கிடைத்தது. கார்பபெனெம் மருந்தைச் சிதைக்கும் புது நொதியம் ஒன்று அதில் இருந்தது. 2009இல் அதற்குப் புதுடில்லியின் பெயரையே சூட்டி என்.டி.எம்.-1 என அழைத்தனர். 2010இல் வெளியான பேராய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. அந்நொதியம் கொண்ட கிருமிகள் சென்னையில் 44, அரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியத் துணைக்கண்டத்தின் பிற ஊர்களில் 73 எனக் கண்டறியப்பட்டன. நாட்டில் பெருங்கூச்சல் எழுந்தது. தலைநகரின் பெயரைக் கிருமிக்கு வைத்துவிட்டார்கள், நம் மருத்துவமனைகளின் வாணிகத்தைக் கெடுக்கச் சதி செய்கிறார்கள் என்றெல்லாம் பேசப்பட்டது. பெயர் குறித்த மனத்தாங்கலில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் கூச்சலில் செய்தி அமிழ்ந்து போனது என்பதே என் கருத்து. இந்த நொதியத்துக்குரிய மரபணு, ஒரு கிருமியிலிருந்து முற்றிலும் வேறு இனக் கிருமிக்கும் கைமாறக்கூடிய சிறு வளையம் ஒன்றில் அமர்ந்திருக்கிறது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் சொத்தன்று. அண்டை வீட்டாருக்கும் கொடுத்துவிடக் கூடிய சொத்து. 2011இல் புதுடில்லித் தெருக்களில் தேங்கிய நீர் மாதிரிகள் 171இல் 51இலும், குழாய்க் குடிநீர் மாதிரிகள் 50இல் இரண்டிலும் அந்த மரபணு இருந்ததாக வேறோர் ஆய்வு காட்டியது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு எத்துணை இறுக மூடினாலும், தெருவின் சாக்கடை உள்ளே வந்துவிடுகிறது. உள்ளே விளைந்ததும் தெருவுக்குப் போய்விடுகிறது.

கூச்சல் அடங்கியபின் நல்ல காரியங்களும் நடந்தன. 2012இல் இந்திய மருத்துவச் சங்கங்கள் பல சென்னையில் கூடி, செயல்படுத்தக்கூடிய திட்டம் ஒன்றை வகுத்தன. ‘சென்னைப் பிரகடனம்’ என்ற பெயரில் அது வெளிநாட்டு மருத்துவ இதழ்களிலும் பேசப்பட்டது. 2014 மார்ச்சு முதல், உயர்வகை ஆன்டிபயாட்டிக் மருந்துகள் பலவற்றை மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாது என்பதற்குத் தனி அட்டவணை நடைமுறைக்கு வந்தது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று முன்பு ஒதுக்கி வைத்து, வேறு வழியின்றித் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் மீண்டும் கையிலெடுத்த பழைய மருந்து கோலிஸ்டின். அதைக் கோழிகள் கொழுக்கத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தோம். 2019இல் அது தடை செய்யப்பட்டது.

இவ்வளவும் யாருக்காக என்று கேட்பவர்களுக்கு, டில்லியின் மூன்று அரசு மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2011 முதல் 2014 வரை நடந்த ஆய்வு விடை சொல்லும். அங்கே சேர்க்கப்பட்ட 13,530 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தனர். நூற்றுக்கு 14 குழந்தைகளுக்கு இரத்தத்தில் நச்சுத்தொற்று ஏற்பட்டது. மிகுதியாய்க் கிடைத்த கிருமி அசினெட்டோபாக்டர். அதில் நூற்றுக்கு 82 பங்கு பலவகை மருந்துகளுக்கும் அடங்காதவை. பிறந்து மூன்று நாள் ஆகுமுன்னரே தொற்றுற்ற குழந்தைகள் அவர்களுள் மிகப் பலர். தம் வாழ்நாளில் ஒரு மாத்திரையும் வீணாக்காதவர்கள் அவர்கள்.

இனி, கொடாமல் இருப்பதைப் பற்றிய பழைய கேள்விக்கு வருவோம். பெனிசிலினைக் கண்ட ஃபிளெமிங் 1945இல் நோபல் உரையில் ஓர் எச்சரிக்கை விடுத்தார். தொண்டைவலிக்காரர் ஒருவர் மருந்தைக் குறைவாய் உண்டு, முரடான கிருமியைத் தம் மனைவிக்குக் கொடுத்து அவர் இறக்கக் காரணமாவதாக ஒரு கற்பனைக் கதையையும் சொன்னார். குறைத்து உண்பதே ஆபத்து என்ற எண்ணம் அதன்பின் வேரூன்றியது. காசநோய் போன்றவற்றில் மாதக்கணக்கில் தவறாது மருந்துண்பது கட்டாயமே. அது வேறு கணக்கு. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு வாரம், மூன்று வாரம் என்று மருந்து நீண்டதற்கு வழக்கத்தைத் தவிர ஆதாரம் அதிகமில்லை. பிரான்சில் 51 பிரிவுகள் சேர்ந்து, செயற்கை மூச்சுக் கருவியால் நுரையீரல் தொற்றுக்கு ஆளான 401 பேரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதிக்கு 8 நாளும் மறு பகுதிக்கு 15 நாளும் மருந்து கொடுத்துப் பார்த்தன. 2003இல் வெளிவந்த முடிவின்படி இறப்பு இரு பகுதியிலும் ஏறக்குறைய ஒன்றே. மீண்டும் தொற்றுக்கு ஆளானவர்களிடம் பலமருந்துக்கு அடங்காத கிருமி காணப்பட்டது, 15 நாள் பகுதியில் நூற்றுக்கு 62. 8 நாள் பகுதியில் 42.

2024இல் இன்னும் பெரிய ஆய்வொன்று வெளிவந்தது. ஏழு நாடுகளின் 74 மருத்துவமனைகளில், இரத்தத்தில் கிருமி கண்ட 3608 பேர். பாதிக்கு மேற்பட்டோர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்கள். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் தொற்று உள்ளவர்களையும், உடலின் எதிர்ப்பாற்றல் மிகக் குன்றியவர்களையும் இதில் சேர்க்கவில்லை. சீட்டுக் குலுக்குவதைப்போல் பிரித்து, ஒரு பகுதிக்கு 7 நாளும் மறு பகுதிக்கு 14 நாளும் மருந்து என்று தீர்மானித்தனர். மூன்று மாதத்துக்குள் இறந்தவர்கள் 7 நாள் பகுதியில் நூற்றுக்கு 14.5, 14 நாள் பகுதியில் 16.1. ஏழு நாளே போதும் என்பது தெளிவாயிற்று. அதே ஆய்வின் வேறொரு கணக்கையும் பார்க்க வேண்டும். 7 நாள் என்று சீட்டு விழுந்தவர்களில், நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குக் குறித்த காலம் கடந்தும் மருந்து தொடர்ந்து கொடுக்கப்பட்டது. ஆய்வின் விதி கண்முன் இருந்தும், மருத்துவர்களால் நிறுத்த முடியவில்லை.